மூட்டை அறையில் போட்ட பாய்

சின்னசேலம்
9-5-2024

அன்புள்ள தேவிக்கு,

அண்ணி ராதிகா எழுதுகிறேன். இங்கே உன் அண்ணன், மாமா, நான் மூன்று பேரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். சென்னையில் இருக்கும் பையனும் சுகம். நீ, உன் வீட்டுக்காரர், பாப்பா தமிழ்ப்ரியா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் ஊரில் டவர் கிடைக்காது என்பதால்தான் பேனாவை எடுத்தேன். கடைசியாகக் கடிதம் எழுதியது பள்ளிக்கூடத்தில், பரீட்சைக்கு. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

மலை ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு போன நீ, பதினோரு வருஷம் கழித்து சித்திரைத் திருவிழாவுக்கு வந்தது எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஒரே ராத்திரி தங்கிவிட்டு விடியறதுக்குள் முதல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். காபி கூடக் குடிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

இப்போது விஷயம். நீ போன மறுநாளிலிருந்து வீட்டில் தெள்ளுப்பூச்சி. மாட்டில் ஒட்டும் உண்ணி என்றால் பிடுங்கிப் போடலாம். இது கடுகளவு இருந்துகொண்டு எள்ளுப் பொரிகிற மாதிரி குதிக்கிறது. கணுக்காலெல்லாம் தடிப்பு. உனக்குத்தான் தெரியுமே, என்னிடம் நாய் வீரன், மூன்று பூனை, ஒரு ஜோடி முயல், ஒரு வெள்ளாடு. உன் அண்ணன் இதை வீடு என்று சொல்வதில்லை, சந்தை என்பார். இத்தனை உருப்படி வளர்த்தும் இதுவரை இப்படி ஒரு பூச்சியை இந்த வீட்டில் பார்த்ததில்லை. உன் வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய நாய்க்குட்டியோடு வந்திருக்குமோ என்று மாமா சொல்கிறார். நான் சொல்லவில்லை.

உங்கள் மலையில் இதற்கு என்ன செய்வார்கள் என்று எழுது. ஆவணி இருபதாம் தேதி புது வீட்டில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. நாத்தனார்தான் பால் காய்ச்ச வேண்டும், அது நம் வழக்கம். உன் அண்ணனுக்கு இருப்பது நீ ஒருத்தி. ஆனால் மாமா, "மொதல்ல இந்தப் பூச்சி போவட்டும், அப்பால யாரைக் கூப்புடறதுன்னு பாப்போம்" என்கிறார். புரிந்துகொள்.

எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

ராதிகா


கரியாலூர்
20-5-2024

அன்புள்ள அண்ணிக்கு,

தேவிப்ரியாவின் வணக்கம். உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அப்பாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நாங்கள் இங்கே நலம். மழை இரண்டு தரம் பெய்தது, சாமை விதைக்க உழுகிறார்கள்.

படித்ததும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எங்கள் நாய்க்குட்டியால்தான் வந்திருக்கும். மன்னித்துவிடுங்கள். பதினோரு வருஷம் கழித்து வந்தவள் ஒரு நல்லதைக் கொண்டுவராமல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டுவிட்டேன்.

இங்கே செய்வதை எழுதுகிறேன். ஒரு நாயை மட்டும் கழுவிப் பிரயோஜனமில்லை. வீரன், பூனைகள், முயல், ஆடு எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். ஒன்றை விட்டால் அது மற்றதுக்கெல்லாம் ஏற்றிவிடும். நாய்க்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிவிட்டு, பேன் சீப்பால் வால் பக்கம், கழுத்துப் பக்கம் வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். பூனையையும் முயலையும் குளிப்பாட்ட வேண்டாம், பயந்து போகும். வாரினால் போதும். அவை படுக்கிற சாக்கையெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து வெயிலில் காயப்போடுங்கள். தினம் மூலைமுடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையை உடனே கொளுத்திவிடுங்கள். தானிய மூட்டை அடுக்கியிருக்கும் அறையையும் விட்டுவிடாதீர்கள்.

குட்டி எப்படி இருக்கிறது அண்ணி? பேர் வைத்தீர்களா? அதை இவர்தான் நாலு குட்டியில் பொறுக்கியெடுத்தார். நெஞ்சில் வெள்ளை இருப்பது வீட்டோடு ஒட்டும் என்பார். தினம் கேட்கிறார்.

அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தேவி


சின்னசேலம்
3-6-2024

அன்புள்ள தேவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே உடம்புக்கு ஒன்றும் குறையில்லை, சொறிகிற நேரம் போக. நீங்கள் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவின் மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது, வாயில் மட்டும் வலி கிடையாது.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். வீரனைக் குளிப்பாட்டினேனா அவன் என்னைக் குளிப்பாட்டினானா தெரியாது. பெரிய பூனை கையைக் கீறிவிட்டது. முயல்கள் சமத்து. வாரிப்போட்ட தெள்ளு சோப்புத் தண்ணீரில் மிளகு மாதிரி மிதந்தது. நாலு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. கூடத்தில் கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் ஏறுகிறது.

புது வீட்டுக்குக் கலர் அடிக்க வந்த ஆளே, "இன்னா அக்கா, வூட்ல இத்தினி பூச்சி வெச்சிக்கினு கீறீங்க" என்று கேட்டுவிட்டுப் போனான். நான் ஆட்டின் மேல் பழியைப் போட்டேன். மாமா அவ்வளவு சுருக்கமாக விடவில்லை. "மலையில இருந்து எங்க பொண்ணு எறக்கிவுட்டுட்டுப் போச்சு" என்று அவனிடம் சொன்னார். வார்த்தையை அள்ள முடியுமா? அது ஊருக்குள் போய்விட்டது. சின்னப்பொண்ணு இருக்கிறாளே, உன் பெரியப்பா மகள், அவள் கடையில் வைத்து என்னிடமே துக்கம் விசாரிக்கிறாள்.

பால் காய்ச்சுகிற விஷயம் இன்னும் பேசவில்லை. நேரம் பார்த்துப் பேசுகிறேன்.

குட்டி நன்றாகத் திரிகிறது. 

பாப்பாவுக்கு முத்தம்.

ராதிகா


கரியாலூர்
12-6-2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். எனக்கு லேசாகச் சளி, வேறொன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் இல்லை. நம் குட்டியால்தான் அந்த வீட்டில் பூச்சி என்றதும் எங்கள் இரண்டு நாயையும் ஓடைக்கு ஓட்டிக்கொண்டு போய்த் தேய்த்துக் குளிப்பாட்டினார். நாய் படுக்கிற கொட்டாய்க் கூரையைப் பிரித்துக் கொளுத்தினார். குட்டியோடு பிறந்த மற்ற மூன்றும் எந்தெந்த வீட்டில் இருக்கிறதோ அங்கெல்லாம் போய், "தெள்ளு கீதா பாருங்க" என்று கேட்டுவிட்டு வந்தார். யார் வீட்டிலும் இல்லை என்றார்கள். ஆனாலும் எங்கள் குட்டியில் இருந்திருக்கும் அண்ணி. நாங்கள்தான் கவனிக்கவில்லை.

ஒன்று கேட்கிறார். புங்க எண்ணெயும் நொச்சித் தழையும் எடுத்துக்கொண்டு அவரே கீழே இறங்கி வந்து, ஒரு நாள் இருந்து, எல்லாப் பிராணிக்கும் செய்துவிட்டுப் போகட்டுமா என்று. வாசலோடு வேலை முடித்துக்கொண்டு வந்துவிடுவேன் என்கிறார். தன் குட்டியையும் ஒரு தரம் பார்த்த மாதிரி இருக்குமாம்.

அதன் பேரை நீங்கள் எழுதவே இல்லையே?

தேவி


சின்னசேலம்
15-6-2024

தேவிக்கு,

எல்லோரும் நலம். அவரை அனுப்பாதே. இங்கே நேரம் சரியில்லை. மாமா ஒன்று சொல்ல, அவர் ஒன்று நினைக்க, வீண் மனஸ்தாபம். நானே பார்த்துக்கொள்கிறேன். சளிக்குத் தூதுவளை ரசம் வை.

ராதிகா


கரியாலூர்
2-7-2024

அண்ணிக்கு,

வணக்கம். சளி போய்விட்டது.

அவர் வரமாட்டார். சொல்லிவிட்டேன்.

அப்பாவையும் அண்ணனையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தேவி


சின்னசேலம்
20-7-2024

அன்புள்ள தேவிக்கு,

நீ, அவர், பாப்பா மூவரும் நன்றாக இருக்க வேண்டும். எங்களை நலம் என்று எழுத இந்தத் தடவை மனசு வரவில்லை.

போன வாரம் உன் அண்ணன் பொறுமை இழந்து, மக்காச்சோளத்தில் புழுவுக்கு அடிக்கிற மருந்து மிச்சம் இருந்ததை டேங்கில் கலக்கி, மூட்டை அறையிலும் கூடத்திலும் அடித்துவிட்டார். நான் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தேன். சாம்பல் பூனை ஈரத்தில் நடந்து, காலை நக்கியிருக்கிறது. நான் வருவதற்குள் வாயில் நுரை, உடம்பெல்லாம் உதறல். கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினோம். வழியிலேயே என் மடியில் போய்விட்டது. உன் அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார். வயலில் இத்தனை வருஷம் அடித்த மருந்து, வீட்டுக்குள் அடித்தால் என்ன என்று நினைத்தாராம்.

அங்கே இருந்த டாக்டரம்மா ஜெயசுதா திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு பிராணிக்கும் எடைக்குத் தக்கபடி பிடரியில் விடுகிற சொட்டு மருந்து கொடுத்தார்கள், நாய்க்குள்ளதைப் பூனைக்கு விடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்கள். பிறகு, "எப்பருந்து இருக்குது, எந்த ரூம்ல மொதல்ல கடிச்சுது" என்று கேட்டார்கள். சித்திரையில், மூட்டை அறையில் என்றேன். "அந்த ரூம் அதுக்கு முன்னாடி பூட்டி இருந்துதா? அதுக்குள்ள எதுனா விலங்கு படுத்திருந்துதா?" என்றார்கள்.

தேவி, கார்த்திகை மழையில் பூனை அந்த அறையில்தான் குட்டி போட்டது. தை வரைக்கும் தாயும் குட்டிகளுமாக அங்கேயே கிடந்தது. அப்புறம் குட்டிகளைக் கொடுத்துவிட்டு, அறையைப் பூட்டியது நான். அதைத் திறந்தது நீ வந்த அன்றைக்குத்தான். டாக்டரம்மா சொன்னார்கள்: தெள்ளுப் புழு கூடு கட்டிக்கொண்டு மாசக்கணக்கில் அப்படியே கிடக்குமாம். மனுஷர்கள் நடமாட்டமும் உடம்புச் சூடும் பட்டால், அத்தனையும் ஒன்றாக வெளியே வருமாம். தெள்ளு நாய்க்குட்டியுடையது இல்லை. எங்கள் வீட்டுத் தரையுடையது.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் நீ இரண்டு தடவை கேட்டாய். குட்டி இங்கே இல்லை. நீ போன நாலாம் நாள், மாமா போட்ட சத்தத்தில், உன் அண்ணன் அதைப் பைக்கில் வைத்துக்கொண்டு போய் உளுந்தூர்பேட்டையில், லாரிகள் நிற்கிற ஓட்டல் பக்கம் விட்டுவிட்டு வந்தார். சோறு கிடைக்கும் என்றார். நன்றாகத் திரிகிறது என்று நான் எழுதியபோது அது இங்கிருந்து போய் ஒரு மாசம் ஆகியிருந்தது.

உன்னை அந்த அறையில் படுக்க வைத்ததும் மாமா சொல்லித்தான். பெரியவர், என்ன செய்ய?

ராதிகா


கரியாலூர்
14-8-2024

அண்ணிக்கு,

பெரியவர்களுக்கு வணக்கம். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். பதில் எழுத இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

பூனை போனதற்கு வருத்தப்படுகிறேன். பொய் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்குக் குட்டியைத் தெருவில் வேப்பமரத்தில் கட்டியிருந்தீர்கள். வீட்டுக்குள் அது காலே வைக்கவில்லை. மூட்டை அறையில் நீங்கள் போட்ட பாயில் நான் படுத்ததும் தெள்ளு ஏறியது. முழங்கால், முதுகு, கழுத்து எல்லாம். அதனால்தான் முதல் பஸ். அப்போதே எனக்குத் தெரியும் அண்ணி, அது எங்கள் நாயுடையது இல்லை என்று.

பிறகு ஏன் மன்னிப்புக் கேட்டு எழுதினேன் என்று கேட்பீர்கள். பழியை நான் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு என் மேல் இரக்கம் வரும், பால் காய்ச்சக் கூப்பிடுவீர்கள் என்று நினைத்தேன். பிறந்த வீட்டுக் கதவு திறக்கிறது என்றால் ஒரு பூச்சியின் பழி என்ன பெரிசு என்று நினைத்தேன். அந்தப் பழி என் தலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இவர் வீடு வீடாகப் போய் "தெள்ளு கீதா" என்று கேட்டபோது, மற்றவர்கள், "கீழ ஊரு மச்சான் வூட்ல சொன்னாங்களா?" என்று சிரித்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான். என் புருஷனை, அவருடைய ஊரை, அழுக்கு என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்தைவிட இந்த வெட்கம் ஜாஸ்தி. அவரிடம் முந்தாநாள்தான் சொன்னேன். அவர் எழுந்து சாமைக் காட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

இன்னொன்று. அப்பா சொல்லித்தான் அந்த அறை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நான் படுத்த பிறகு, "தேவி எங்க படுத்துக்கினு கீது?" என்று அப்பா உங்களிடம் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. "உள்ளதான் மாமா, என்கூட" என்று நீங்கள் சொன்னதும் விழுந்தது.

ஆவணி இருபதுக்கு நான் வரவில்லை. வேறு யாரையாவது வைத்துக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

தேவிப்ரியா


சின்னசேலம்
7-9-2024

தேவிக்கு,

உன் சுகத்தை விசாரிக்க எனக்கு இப்போது யோக்கியதை இல்லை. ஆனாலும் நன்றாக இரு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். நீ சொன்னதுதான் நிஜம். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவர் உன்னை வெளியே கோபித்தாலும் உள்ளே எங்கே படுக்க வைக்க வேண்டும் என்று யோசிக்கிற ஆளே இல்லை. பாயை அங்கே போட்டது நான். திருவிழாவுக்கு வந்த சின்னப்பொண்ணும் மற்றவர்களும் கூடத்தில் படுத்திருந்தார்கள். மலையில் வாழ்க்கைப்பட்டவளை அவர்கள் பக்கத்தில் படுக்க வைத்தால் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். யாரும் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் மாட்டார்கள். சொல்வார்களோ என்று நானே நினைத்து, நானே முந்திக்கொண்டேன். நாயும் பூனையும் என் கட்டிலில் படுக்கும். உனக்கு மூட்டை அறை.

ஆவணி இருபது வந்தது. ஐயர் வந்தார், ஊரே வந்தது. நாத்தனார் எங்கே என்று கேட்டார்கள். உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வதாக உன் அண்ணனும் நானும் முதல் நாளே பேசி வைத்திருந்தோம். சின்னப்பொண்ணு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, "நானும் தங்கச்சி முறைதான், நான் காச்சறேன்" என்று அடுப்புப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, "அது வராததும் நல்லதாப் போச்சு, புது வூட்லயும் பூச்சி வுட்டுட்டுப் போயிருக்கும்" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை தேவி. அடுப்பில் இருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டேன். "பூச்சி என் பூனையோடது. பூட்டி வெச்ச ரூம்ல இருந்தது. அந்த ரூம்ல தேவியைப் படுக்க வெச்சது நானு. அவங்க ஆசையா குடுத்த நாய்க்குட்டியை ரோட்ல வுட்டது நாங்க. எல்லாத்தையும் அவ தலையில போட்டுட்டு சும்மா இருந்ததும் நாங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்டது.

மாமா நாற்காலியில் இருந்து எழுந்து வந்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். "எம் பொண்ணை மூட்ட ரூம்லயா படுக்க வெச்ச?" என்றார். ஆமாம் என்றேன். "எங்கிட்ட உள்ளன்னு சொன்னியேம்மா" என்றார். அவ்வளவுதான். துண்டை வாயில் வைத்துக்கொண்டு பழைய வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். பூச்சி மலையிலிருந்து வந்தது என்று ஊரெல்லாம் சொன்னவரும் அவர்தான். அது அவருக்கும் அன்றைக்கு உறைத்தது. சாயங்காலம் உன் அண்ணனைக் கூப்பிட்டு, "நாயை எங்க வுட்டியோ அங்க போய்த் தேடு" என்று மட்டும் சொன்னார்.

நல்ல நேரம் போய்விட்டது. பால் காயவில்லை. சமைத்த சாப்பாட்டைப் பாதிப் பேர் சாப்பிடாமலே போனார்கள். புது வீடு பூட்டிக் கிடக்கிறது. உன்னை வரவழைக்க நான் இப்படிச் செய்தேன் என்று நினைக்காதே. நீ வர வேண்டும் என்று கேட்கிற உரிமையை நான் அந்தப் பாயோடு சுருட்டி வைத்துவிட்டேன்.

பூச்சி போய்விட்டது. டாக்டரம்மா சொன்னபடி மூன்று வாரம் விடாமல் பெருக்கி, சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, எல்லாவற்றுக்கும் சொட்டு மருந்து விட்டோம். சொல்லிக்கொள்ளச் சந்தோஷமில்லை.

ராதிகா


சின்னசேலம்
16-9-2024

மாப்பிள்ளை மாயவன் அவர்களுக்கு,

அறிவுச்செல்வன் எழுதுகிறேன். உங்கள் உடல்நலம், பாப்பா படிப்பு, விவசாயம் எல்லாம் எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை என்று எழுத எனக்குப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்த குட்டியை உளுந்தூர்பேட்டையில் விட்டவன் நான்தான். அப்பா சொன்னார் என்பது ஒரு சாக்கு. இறக்கிவிட்டதும் அது கொஞ்ச தூரம் வண்டியின் பின்னால் ஓடிவந்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். நிறுத்தவில்லை.

மூன்று தடவை போய்த் தேடினேன். ஒவ்வொரு ஓட்டலிலும் கேட்டேன். நெஞ்சில் வெள்ளை இருந்த ஒரு செவலைக் குட்டியை லாரி கிளீனர் ஒருத்தன் தூக்கிக்கொண்டு போனான் என்று ஒரு டீக்கடைக்காரர் சொன்னார். திருச்சிப் பக்கம் போகிற லாரியாம். அது நம்ம குட்டிதானா என்று எனக்குத் தெரியாது. என் மனசு ஆறட்டும் என்று அவர் சொல்லியிருக்கலாம். என்னால் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

தங்கச்சியைக் கூப்பிட்டோம், உங்களைக் கூப்பிடவில்லை. நீங்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டோம், அதையும் தெருவில் விட்டோம். நீங்கள் உங்கள் ஊரில் வீடு வீடாகப் போய்க் கேட்டதைத் தேவி எழுதியிருந்தது. ராதிகா படித்துக் காட்டியபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அதனால் நான் மேலே வந்து, உங்கள் வாசலில், உங்கள் ஊர்க்காரர்கள் எதிரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு உண்மை தெரிய வேண்டும். வரலாமா கூடாதா என்று ஒரு வரி எழுதுங்கள். கூடாது என்றாலும் நியாயம்தான்.

பாப்பாவுக்கு மாமனின் ஆசி.

இப்படிக்கு,
அறிவுச்செல்வன்


கரியாலூர்
30-9-2024

அண்ணிக்கு,

தேவி எழுதுகிறேன். எல்லோரும் நலம்தான். புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. அப்பாவைக் குளிரில் வெளியே படுக்க விடாதீர்கள்.

உங்கள் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எல்லோர் எதிரிலும் சொன்னீர்கள் என்பதைப் படித்து அழுதேன். கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். கொஞ்சம் போயிருக்கிறது. பால் காய்ச்ச வருவேனா என்று இப்போது கேட்காதீர்கள். அப்படி ஒரு நாள் வந்தால் நானும் இவரும் பாப்பாவும் சேர்ந்துதான் வருவோம். ஒருத்தியாக வரமாட்டேன்.

அண்ணன் கடிதம் இவர் பேருக்கு வந்தது. உறையின் மேல் 'மாப்பிள்ளை மாயவன்' என்று எழுதியிருந்ததைத் தபால்காரர் சத்தமாகவே படித்துவிட்டார். இவர் வாங்கி, கை கழுவிக்கொண்டு வந்து, தானே படித்தார். என்னிடம் கொடுக்கவில்லை. இரண்டு நாள் சட்டைப் பையிலேயே இருந்தது. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது எடுத்து வைத்து, "நீயே எழுது, எனக்கு எழுத வராது" என்றார். அவருக்கு நன்றாகவே எழுத வரும். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மச்சானை வரச் சொல்லு. மழ வுட்டதும் வரட்டும். வந்து வூட்டுக்குள்ள சாப்ட்டு, ராத்திரி தங்கி, காலைல நெதானமா எழுந்து போவட்டும். ஆனா வாசல்ல நின்னு மன்னிப்பு கேக்கறது வாணாம். நாலு பேரு பாப்பாங்க. எம் பொண்டாட்டியோட அண்ணன் இந்த ஊர்ல தல குனிஞ்சி நின்னான்னா, அது எனக்குத்தான அசிங்கம்?"

அண்ணனிடம் சொல்லுங்கள்.

தேவி